தண்ணியில்லாக் காட்டுல ஒரு ஜாலி ரவுண்டு!

நம்ம 'சைடு ஸ்டாண்டு' பகுதியில இந்த வாரம் ஒரு குட்டி டெஸ்ட். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது. 'ராமநாதபுரம் மாவட்டம்'னு சொன்னதும் உங்க மனசுல ஓடுற முதல் சீன் எது?

பாம்பன் பாலம், தனுஷ்கோடி, கலாம்... இதுல ஒண்ணைச் சொல்லியிருந்தா பாஸ். 'தண்ணியில்லாக் காடு'ன்னு சொல்லியிருந்தா டிஸ்டிங்ஷன்! ஏன்னா, ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. அரசாங்க ஆபீஸ்ல ஒருத்தர் மேல கோபம்னா, 'உன்னை ராம்நாட்டுக்கு மாத்திடுவேன்'னு மிரட்டுறது ரொம்ப காலமா நடக்குற சமாசாரம். எங்க ஹாஸ்டல்லயே நான் எந்த ஊர்னு சொன்னா, 'பாவம்டா நீ'ன்னு ஒரு லுக்கு விட்டுட்டு, ஒரு கிளாஸ் தண்ணி எடுத்து நீட்டுற பசங்க இருக்காங்க. நானும் வாங்கிக் குடிச்சுட்டு, 'தேங்க்ஸ் மச்சி'ன்னு சொல்லிடுவேன். வேற என்ன செய்ய?

காலேஜ் டூர்னு ராமேஸ்வரம் போறவங்களைக் கேட்டுப் பாருங்க. மதுரையில வேன் ஏறினா மானாமதுரை வரைக்கும் பாட்டுக்குப் பாட்டு. பரமக்குடி வந்ததும் தூக்கம். பாம்பன் பாலத்துல காத்து மூஞ்சியில அடிக்கும்போது முழிப்பு. அப்புறம் செல்ஃபி. நடுவுல ஒரு மாவட்டமே காணாமப் போச்சு பாஸ்!

அந்தக் காணாமப் போன மாவட்டத்துக்குத்தான் இன்னிக்கு நாம போறோம். ரூட் ரொம்ப சிம்பிள். பரமக்குடியில நெடுஞ்சாலையை விட்டு இறங்கணும். அங்கிருந்து நயினார்கோவில் பன்னிரண்டு கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். அப்புறம் கிராமத்து ரோட்டுலயே தேர்தங்கல் பார்த்துட்டு ராமநாதபுரம். அவ்வளவுதான். மலை கிடையாது, அருவி கிடையாது, ஹேர்பின் வளைவு கிடையாது. தட்டை! தோசைக்கல் மாதிரி தட்டை. 'இதுல பார்க்க என்ன இருக்கு?'ன்னு கேக்குறீங்களா? அதுக்குத்தான் இந்தப் பக்கமே.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. எண்பது கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் ஓடிப்போகுது. ஒரு மைனாவைப் பார்த்து, 'அது மைனா'ன்னு மூளை சொல்றதுக்குள்ள அது பின்னாடி போயிடும். முப்பதுல போனா செகண்டுக்கு எட்டு மீட்டர். இப்ப மைனா மட்டுமில்ல, அது வாயில வெச்சிருக்கிற புழுவும் தெரியும். அதனால ஆக்சிலேட்டரை விட்டுக் கையை எடுங்க. இந்த ரூட்டுக்கு ஸ்பீடு லிமிட் முப்பது. போட்டது போலீஸ் இல்ல, நான்!

பாலத்துக்குக் கீழ ஆத்தைக் காணோம்

பரமக்குடியில வைகைப் பாலத்தைத் தாண்டினா எமனேஸ்வரம். நெசவாளர் ஊர். காது கொடுத்தா தறிச் சத்தம் கேக்கும். கமல் பிறந்த ஊர் பரமக்குடிங்கறது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். அதனால பாலத்துக்கு வருவோம். நிறுத்திட்டுக் கீழ பாருங்க. வருஷத்துல பெரும்பாலான நாள் மணலும் புதரும்தான் தெரியும்.

'ஆறு காய்ஞ்சு கிடக்கு, பாவம்'னு சொல்லத் தோணும். ஆனா, வைகை ஒரு வித்தியாசமான கேரக்டர். பெரும்பாலான ஆறுகள் கடல்ல போய்ச் சேரும். வைகை, வழியில இருக்கிற கண்மாய்களுக்கு எல்லாம் பங்கு கொடுத்துட்டு, மிச்சம் மீதியோட ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல போய் முடிஞ்சுடுது. ரொம்ப வெள்ளம் வந்த வருஷத்துலதான் கடலுக்கு ஒரு பங்கு. சம்பளத்தை வாங்கினதும் வீட்டுக்கு வர்ற வழியிலயே கடன்காரங்களுக்குக் கொடுத்துட்டு, வெறுங்கையோட வர்ற அப்பா மாதிரி. அந்த அப்பாவை 'ஒண்ணும் கொண்டு வரலை'ன்னு திட்டலாமா? அவர் கொடுத்துட்டு வந்த இடத்தைப் போய்ப் பார்த்தாதானே நியாயம்? வாங்க, பார்ப்போம்.

கரை ஏறினா கடல்

ஊரைத் தாண்டினதும் ரோட்டு ஓரத்துல, நீளமா, பனையும் கருவேலமும் நிக்கிற ஒரு மண் மேடு வரும். வேன்ல போறப்ப அது வெறும் மேடு. வண்டியை நிறுத்திட்டு மேல ஏறிப் பாருங்க. மழைக்காலம் முடிஞ்ச மார்கழி, தை மாசமா இருந்தா, அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டின தூரம் தண்ணி! ரோட்டுல நிக்கிறப்ப தண்ணி நம்ம தலைக்கு மேல இருந்திருக்குன்னு அப்பத்தான் புரியும்.

இதுதான் கண்மாய். எங்க அப்பத்தா 'கம்மாய்'னுதான் சொல்லும். வடக்கத்தி மாவட்டத்துக்காரங்களுக்கு ஏரி.

இங்கதான் ஒரு ஷாக்கிங் மேட்டர். ராமநாதபுரம் மாவட்டத்துல வருஷத்துக்கு சராசரியா 800 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட மழை பெய்யுது. லண்டன்ல எவ்வளவு தெரியுமா? சுமார் 600 மில்லிமீட்டர்! எப்பப் பார்த்தாலும் குடையோட திரியற லண்டனை விட எங்க ஊர்ல மழை அதிகம் பாஸ். அப்புறம் எப்படி அது பசுமை, இது தண்ணியில்லாக் காடு? விடை ரொம்ப சிம்பிள். அங்கே வருஷம் பூரா சொட்டுச் சொட்டா விழுது, வெயிலும் கம்மி. இங்கே பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி மொத்தமாக் கொட்டிட்டுப் போயிடுது. மிச்ச மாசமெல்லாம் வெயில்.

மாசம் முதல் தேதி வீட்டுல இருந்து பணம் வந்ததும் பத்தாம் தேதிக்குள்ள காலி பண்றவனுக்கும், பிரிச்சு வெச்சுச் செலவு பண்றவனுக்கும் உள்ள வித்தியாசம்தான். பணம் ஒண்ணுதான். உண்டியல் இருக்கா இல்லையாங்கறதுதான் கேள்வி. எங்க ஊர் முன்னோருங்க ஊருக்கு ஊரு உண்டியல் செஞ்சாங்க. அதுதான் கண்மாய்.

நான் சிவில் படிக்கிறேன், அதனால கொஞ்சம் பீட்டர் விட்டுக்கிறேன், மன்னிச்சுடுங்க. கரை ஏன் நேர்கோடா இல்லாம அரை நிலா மாதிரி வளைஞ்சிருக்கு? நிலம் மேற்கிலிருந்து கடலைப் பார்த்து லேசா, ரொம்ப லேசா சரிஞ்சுக்கிட்டே வருது. தாழ்வான பக்கத்துல மட்டும் வளைச்சுக் கரை போட்டா போதும், மேட்டுப் பக்கம் தானா நிக்கும். மண் செலவு மிச்சம். கரையில அங்கங்கே தண்ணிக்குள்ள ரெண்டு கல் தூண், குறுக்கே ஒரு கல் நிக்கும். அது மடை. அதுல இருந்துதான் வயலுக்குத் தண்ணி திறப்பாங்க. திறந்துவிட்டு எல்லா வயலுக்கும் முறையாப் பாய்ச்சறதுக்கு ஊர்ல ஒரு ஆள் இருப்பார். அவர் பேர் நீர்ப்பாய்ச்சி. கரையோட ஒரு கோடியில கல்லு கட்டி, கொஞ்சம் தாழ்வா விட்டிருப்பாங்க. அது கலுங்கு. எங்க ஹைட்ராலிக்ஸ் புக்குல 'வீயர்'னு ஒரு சேப்டரே இருக்கு, ஃபார்முலா மனப்பாடம் பண்ணியே பாதி முடி கொட்டிப் போச்சு. அந்த வீயர்தான் இந்தக் கலுங்கு. கண்மாய் நிறைஞ்சா கலுங்கு வழியா வழிஞ்சு அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைஞ்சா அதுக்கடுத்த ஊர். ஒரு ஊர் கரை உடைஞ்சா கீழ இருக்கிற ஊருக்கு வெள்ளம். ஒரு ஊர் கலுங்கை உயர்த்தினா கீழ் ஊருக்குப் பட்டினி. 'நெட்வொர்க்'னு நாம கம்ப்யூட்டர் லேப்ல படிக்கிறோமே, அதை மண்ணுல போட்டு வெச்சிருக்காங்க.

இந்த மாவட்டத்துலயே பெரிய கண்மாய்கள்ல ஒண்ணு ராஜசிங்கமங்கலம் கண்மாய். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை'ன்னு அதுக்கு ஒரு சொலவடை. நாரை ஒரே மூச்சுல பறந்து கடக்க முடியாத அளவுக்கு நீளமான கரைன்னு அர்த்தம். பில்டப் கொடுக்குறதுல நம்ம ஹீரோக்களுக்கு எல்லாம் இவங்கதான் சீனியர்!

கரையில மாடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு தாத்தாகிட்ட, 'கம்மாய் நிறைஞ்சா எப்படித் தெரியும் தாத்தா?'ன்னு கேட்டேன். ஸ்கேல் ஏதாவது காட்டுவார்னு நெனச்சேன். 'ராத்திரி படுத்திருக்கையில கலுங்குச் சத்தம் கேக்கும்ல தம்பி, அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குவோம்'னார். எனக்கு எல்லாம் ஃபேன் சத்தம் கேட்டாதான் தூக்கம் வரும். ஒரு ஊரே தண்ணி விழுற சத்தத்துல தூங்குது பாருங்க!

நயினார்னா யாரு?

வயலுக்கு நடுவுல கோபுரம் தெரிய ஆரம்பிச்சா நயினார்கோவில் வந்துட்டோம்னு அர்த்தம். சுவாமி பேர் நாகநாதர், அம்பாள் சௌந்தரநாயகி. ராமநாதபுரம் சமஸ்தானம் தேவஸ்தானத்தோட கோயில். நாக தோஷம்னு தேடி வர்றவங்க கூட்டம் எப்பவும் உண்டு.

ஆனா, ஊர் பேர் நாகநாதர்கோவில்னு இல்லாம ஏன் நயினார்கோவில்? அதுக்கு இங்கே சொல்ற கதை சூப்பர். பேச்சு வராத தன் மகளோட ஒரு முஸ்லிம் பெரியவர் இங்கே வந்தாராம். கோயில் தீர்த்தத்துல குளிச்சு எந்திரிச்ச பொண்ணு, சுவாமியைப் பார்த்து வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை 'நயினார்'. நயினார்னா தலைவர், ஆண்டவர். அன்னிக்கு இருந்து ஊருக்கும் அதுவே பேர். கதையைக் கதையா வெச்சுக்குங்க. ஆனா, முஸ்லிம் குடும்பங்களும் இந்தக் கோயிலுக்கு வந்து கும்பிடுறது கதை இல்ல. 'நயினா', 'நயினார்'னு இந்தப் பக்கம் ரெண்டு மதத்துக்காரங்களுக்கும் பேர் இருக்கு.

இதே மாவட்டத்துல ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்கள் போவாங்க. 1693-ல் அருளானந்தர்ங்கற ஜான் டி பிரிட்டோ கொல்லப்பட்ட ஓரியூருக்கு எல்லாரும் போவாங்க. நாம 'மத நல்லிணக்கம்'னு கட்டுரைப் போட்டியில எழுதி பிரைஸ் வாங்குவோம். இங்கே டவுன் பஸ் ஏறிப் போயிட்டு வந்துடறாங்க.

கோயிலைப் பார்த்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க. கொஞ்சம் நடங்க. ஊர்ல ஊரணி இருக்கும். கண்மாய் வயலுக்கு, ஊரணி குடிக்க. இந்தப் பக்கம் ஊர்கள்ல ஊரணித் தண்ணியில செருப்புக் காலோட இறங்கினா பெரியவங்க சத்தம் போடுவாங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. கொஞ்ச தூரத்துலயே அந்தக் காரணம் நடந்து வரும்.

இந்த வண்டிக்கு ஷோரூம் கிடையாது

நாலு சின்னச் சக்கரம். இரும்புச் சட்டம். அதுல குடம் உட்கார்ற மாதிரி வரிசையா வளையம். பின்னாடி தள்ள ஒரு கைப்பிடி. ராமநாதபுரம் மாவட்டத்து ரோட்டுல நீங்க கண்டிப்பாப் பார்க்கிற வண்டி இது. தண்ணி வண்டி! எந்தக் கம்பெனியும் டிசைன் பண்ணலை. உள்ளூர் வெல்டிங் பட்டறையில செஞ்சது. ஆளுக்கு ஒரு குடம் இடுப்புல சுமந்த காலத்தை, ஒரு ஆள் ஏழெட்டுக் குடம் தள்ளுற காலமா மாத்தின கண்டுபிடிப்பு. ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா இல்லாம இன்டர்நெட்டைக் குடையற நாமெல்லாம் கும்பிட வேண்டிய சாமி அந்த வெல்டர்தான்.

காவிரித் தண்ணியைக் குழாய்ல இந்த மாவட்டத்துக்குக் கொண்டு வர்ற கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தாச்சு. ஆனாலும் தண்ணி வண்டிகள் ஓய்வு எடுக்கலை. காலையில அந்த வண்டியைத் தள்ளிட்டு வர்றது யார்னு பாருங்க. பெரும்பாலும் பொம்பளைங்கதான். அதுல நம்ம வயசுப் பொண்ணுங்களும் உண்டு. ரெண்டு நடை தண்ணி எடுத்து வெச்சுட்டு, குளிச்சுட்டு, காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவங்க. ஃபர்ஸ்ட் ஹவர் லேட்டா வர்ற பொண்ணைப் பார்த்து கமென்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி, அவங்க எத்தனை குடம் தள்ளிட்டு வந்தாங்களோன்னு ஒரு செகண்ட் யோசிங்க மக்கா.

ஹைவேயில பறக்கும்போது இந்த வண்டி கண்ணுல படாது. பட்டாலும், 'பாவம், வறண்ட ஊரு'ன்னு ஒரு வரியில முடிஞ்சுடும். முப்பதுல போனா, தள்ளுற ஆளோட முகமும் தெரியும்.

சிவப்புக் கம்பளம்

மாசி, பங்குனியில வந்தீங்கன்னா உங்களுக்கு விஐபி வரவேற்பு. களத்துலயும் ரோட்டு ஓரத்துலயும் சிவப்புக் கம்பளம் விரிச்சிருக்கும். கிட்டப் போனா மூக்கு சொல்லிடும், அது மிளகாய் வத்தல்!

ராமநாதபுரம் முண்டு மிளகாய். நீளமா இல்லாம, குட்டியா, உருண்டையா, தோல் கெட்டியா இருக்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. காஞ்சிபுரம் பட்டுக்கும் தஞ்சாவூர் பொம்மைக்கும் கிடைச்ச அதே கௌரவம். இதுல விசேஷம் என்னன்னா, பெரும்பாலும் மழையை நம்பியே விளையுற பயிர். அதாவது, தண்ணியில்லாக் காட்டோட ஆட்டோகிராஃப் அந்த மிளகாய்லதான் இருக்கு.

வண்டியை நிறுத்தி செல்போன்ல போட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன். வத்தலைக் காலால திருப்பி விட்டுக்கிட்டிருந்த அம்மா, 'என்ன தம்பி, இந்தப் புடி புடிக்கிறீக? காரம் கொறைஞ்சுரப் போகுது'ன்னு கலாய்ச்சாங்க. அப்புறம் வானத்தைப் பார்த்துட்டு, 'ஒரு தூத்தல் விழுந்துச்சுன்னா நெறம் வெளுத்துப் போயிரும் தம்பி. அப்புறம் யாவாரி சொல்றதுதான் வெல'ன்னாங்க. வருஷம் பூரா மழை வேணும்னு வேண்டுற ஊரு, இந்த ரெண்டு மாசம் மட்டும் மழை வேணாம்னு வேண்டுது.

இன்னொரு விஷயம். ஆவணி, புரட்டாசியில வந்தா நீங்க பார்க்கப்போறது வெறும் புழுதி. ஆனா, அந்தப் புழுதிக்குள்ள நெல் இருக்கு! மழை வர்றதுக்கு முன்னாடியே காய்ஞ்ச நிலத்தை உழுது, நெல்லை விதைச்சுட்டு, வானத்தைப் பார்த்து உட்கார்ந்துடுவாங்க. பேர் புழுதி விதைப்பு. மழை வந்தா முளைக்கும். வரலைன்னா விதையும் போச்சு, உழவுக் கூலியும் போச்சு. 2016-ல் தமிழ்நாட்டுல வடகிழக்குப் பருவமழை வழக்கத்தை விட 62 சதவீதம் குறைஞ்சது. அந்த வருஷம் இங்கே புழுதியில போன நெல் எல்லாம் புழுதியோடவே போச்சு. அடுத்த ஆவணியில என்ன பண்ணாங்க? திரும்பவும் விதைச்சாங்க! ஒரு அரியர் வெச்சதுக்கே 'வாழ்க்கையே போச்சு'ன்னு ஸ்டேட்டஸ் போடுற நமக்கு, அந்த வெறும் புழுதி நிலத்தை விட சூப்பரான வியூ பாயின்ட் எங்கேயும் கிடையாது.

பச்சையா இருக்கேன்னு ஏமாறாதீங்க

வழி நெடுக ஒரு மரம் கூடவே வரும். வெயில்ல எல்லாம் கருகிக் கிடந்தாலும் அது மட்டும் பச்சையா நிக்கும். சீமைக்கருவேலம். 19-ஆம் நூற்றாண்டுல இந்தியாவுக்கு வந்த அமெரிக்கக் கண்டத்து மரம். விறகுக்கு ஆகும், வேலிக்கு ஆகும்னு விதைச்சாங்க. அது கண்மாய், ஓடை, வரத்துக்கால்னு எல்லா இடத்துலயும் பட்டா போட்டுக்கிச்சு. தண்ணி வர்ற வழியை அடைச்சுட்டா உண்டியல்ல காசு எப்படி விழும்?

வில்லன்னு முடிவு பண்ணிடாதீங்க. தூரத்துல மண் குவியல்ல இருந்து மெல்லிசா வெள்ளைப் புகை வருதா? அது கரி மூட்டம். இந்த மரத்தை வெட்டி அடுக்கி, மேல தழையும் மண்ணும் போட்டு மூடி, காத்து அளவாப் போற மாதிரி துளை விட்டு, நாள் கணக்குல வேக வைப்பாங்க. காத்து கூடினா சாம்பல். குறைஞ்சா வேகாது. கெமிஸ்ட்ரி புக்குல இதுக்குப் பெரிய பேர் இருக்கு, இங்கே புகையோட நிறத்தைப் பார்த்தே சொல்றாங்க. மழை பொய்த்த வருஷத்துல பல வீட்டுல அடுப்பு எரிஞ்சது இந்த மரத்தாலதான்.

2022-ல் அன்னியத் தாவரங்களை அகற்ற தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்தது. கண்மாய்க்குள்ள இருக்கிறதை எடுத்தே ஆகணும். சரிதான். அதே சமயம், மூட்டம் போடுறவர் அடுத்த வேலைக்கு எங்கே போவார்? இந்தக் கேள்வியையும் சேர்த்துப் பார்த்தாதான் ரோட்டோரக் காட்சி முழுசாத் தெரியும்.

ஃபாரின் கெஸ்ட்டும் உள்ளூர் கெஸ்ட்டும்

இப்ப க்ளைமாக்ஸ். நயினார்கோவில் ஒன்றியத்துலயே இருக்கு தேர்தங்கல் கண்மாய். 2010-ல் பறவைகள் சரணாலயம் ஆச்சு. கண்மாய்க்குள்ள நாட்டுக் கருவேல மரங்கள் தண்ணியில முழங்கால் அளவு நிக்கும். அதுல கிளைக்குக் கிளை கூடு! தொண்டையில பையைத் தொங்கவிட்டுக்கிட்டு இறங்குற கூழைக்கடா, கரண்டி மாதிரி அலகு வெச்ச கரண்டிவாயன், தண்ணிக்குள்ள இருந்து கழுத்தை மட்டும் நீட்டி நம்மளைப் பயமுறுத்துற பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம்... மழைக்கு அப்புறம் மார்கழி, தையில போனா ஹாஸ்டல் மெஸ்ல ஞாயித்துக்கிழமை சிக்கன் போடும்போது வர்ற சத்தம் கேக்கும்.

கண்மாய்ல தண்ணி இருந்தா மீன். மீன் இருந்தா பறவை. பறவை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் போனா அது உரம். மொத்தமும் ஒரே கணக்கு. மழை பொய்த்தா பறவைகள் வராது. பக்கத்து சிவகங்கை மாவட்டத்துல வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் பயந்துடக் கூடாதுன்னு தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்கிறதில்லை. நம்மளால ஒரு ஹாரனை அடக்க முடியாதா? கரைக்கு வெளியேயே வண்டியை ஆஃப் பண்ணிடுங்க.

இப்ப ஒரு பன்ச். 1971-ல் ஈரான்ல ராம்சர்ங்கற ஊர்ல, உலகத்து ஈர நிலங்களைக் காப்பாத்த ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அந்த லிஸ்ட்டுல இடம் கிடைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. 2022-ல் இந்த மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உள்ளே போச்சு. 2025 பிப்ரவரியில தேர்தங்கலும், ராமநாதபுரம் நகரத்தை ஒட்டி இருக்கிற சக்கரக்கோட்டையும் சேர்ந்ததா அறிவிச்சாங்க. நாலுமே கண்மாய்! மனுஷன் கையால மண்ணை அணைச்சுக் கட்டினது. தண்ணியில்லாக் காடுன்னு நாம பேர் வெச்ச மாவட்டத்துல, உலகமே காப்பாத்த நினைக்கிற ஈர நிலக் கண்மாய்கள் நாலு. இந்தத் தகவலை ஹாஸ்டல்ல சொன்னேன். இப்பவும் தண்ணி நீட்டுறாங்க, ஆனா உட்கார்ந்து கதை கேக்குறாங்க.

எப்பப் போகலாம்?

* மார்கழி, தை: நிறைஞ்ச கண்மாய், பறவைகள், அறுவடைக்கு நிக்கிற நெல். பச்சை சீசன்.
* மாசி, பங்குனி: மிளகாய். சிவப்பு சீசன். கண்ணுக்குக் கண்ணாடி முக்கியம். வத்தல் மேல வண்டியை ஏத்தினா நான் பொறுப்பில்லை.
* சித்திரை, வைகாசி: நுங்கு, பதநீர், வெடிச்ச கண்மாய்த் தரை. தண்ணி பாட்டில் ரெண்டு.
* ஆவணி, புரட்டாசி: புழுதி விதைப்பு. ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்பத்தான் எல்லாமே இருக்கு.

பைக்ல போறவங்க ஹெல்மெட் போடுங்க. இருட்டுறதுக்குள்ள திரும்பிடுங்க, ஆடு மாடு நடுரோட்டுல பொதுக்குழு கூட்டும். பைக் இல்லாதவங்களுக்குப் பரமக்குடியில இருந்து பஸ் இருக்கு, ஜன்னலோர சீட்டு கிடைச்சா பைக்கை விட அதுதான் பெஸ்ட். கண்மாய் ஆழம் தெரியாம யாரும் குளிக்க இறங்க வேணாம், மடைக்கிட்ட கண்டிப்பா வேணாம்.

கடைசியா ஒரு அசைன்மென்ட்

சென்னை ஃப்ரெண்ட்ஸுக்கு ஒரு கேள்வி. நுங்கம்பாக்கத்துல 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கு. டேங்க் எங்கே? நீங்க ஷாப்பிங் போற தி.நகர், 'லாங் டேங்க்'னு ஒரு பெரிய ஏரியை 1920-கள்ல தூர்த்து உருவாக்கின ஊர். கரை மட்டும் ரோட்டுப் பேர்ல மிச்சம் இருக்கு. ஒரே நாள்ல யாரும் ஏரியைத் திருடிட்டுப் போயிடலை. முதல்ல, 'அங்கே ஒண்ணுமில்லை'ன்னு எல்லாரும் நம்பினாங்க. அப்புறம் நிஜமாவே ஒண்ணுமில்லாமப் போச்சு.

அதனாலதான் எனக்கு 'தண்ணியில்லாக் காடு'ங்கற பேர் மேல கோபம். கிண்டல் பண்றாங்கங்கறதுக்காக இல்ல. ஒண்ணுமில்லாத இடம்னு பேர் வாங்கின நிலத்துல எதைக் கொட்டினாலும், எதை அடைச்சாலும் கேக்க ஆள் வராது. கண்மாயைத் தூர் வார ஊரே சேர்ந்து இறங்குற பழைய வழக்கத்துக்குக் குடிமராமத்துன்னு பேர். அதே பேர்ல 2017-ல் அரசாங்கம் ஒரு திட்டமும் கொண்டு வந்துச்சு. நல்ல விஷயம். ஆனா, தன் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாத தலைமுறைகிட்ட மண்வெட்டியைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

சரி, அசைன்மென்ட் இதுதான். அடுத்த தடவை லீவுக்கு ஊருக்குப் போறப்ப, உங்க ஊர்லயோ பக்கத்துலயோ இருக்கிற கண்மாய், ஏரி, குளம், ஏதோ ஒண்ணோட கரையில ஏறி நில்லுங்க. அதோட பேர் என்ன? தண்ணி எங்கிருந்து வருது? நிறைஞ்சா எங்கே போகும்? கலுங்கு எங்கே இருக்கு? இந்த நாலு கேள்விக்கு விடை கண்டுபிடிச்சு நமக்கு எழுதுங்க. கூகுள்ல தேடாதீங்க, அதுல கிடைக்காது. உங்க அப்பத்தாவைக் கேளுங்க, அம்மாச்சியைக் கேளுங்க, கரையில மாடு மேய்க்கிற தாத்தாவைக் கேளுங்க.

நாலுக்கும் விடை தெரிஞ்சவங்களுக்கு சென்டம். ஒண்ணுக்கும் தெரியாதவங்களுக்கும் கவலை இல்லை, சப்ளிமென்டரி எக்ஸாம் உண்டு. ஐப்பசியில மழை வரட்டும், சேர்ந்து எழுதலாம்!